ரேகை கொடுத்தவர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘மின்னணு விரல்ரேகைப் பதிவும் காவல்துறையும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த என் பழைய அறைத்தோழன் காலையில் டீக்கடையில் என்னைப் பிடித்து, “ஏம்ப்பா, போலீஸ்காரன் விரலைப் பிடிச்சு மையில அமுக்குறதுக்கு ஒரு மணி நேரப் பேச்சா?” என்று கேட்டான். அவனுக்கு இருபது நிமிடத்தில் முடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மையில் அமுக்குகிற காலம் போய்விட்டது என்பதையும், அது போனதால் மாறியது என்ன, மாறாதது என்ன என்பதையும் சொன்னால் போதும்.

நான் விரல்ரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் ஆயுதங்கள் மூன்று: ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு ரப்பர் உருளை, அச்சகத்துக் கருப்பு மை. மையைப் பலகையில் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். தடித்தால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு விரலையும் நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்டிப் பதிக்க வேண்டும். மலையில் டிசம்பர் மாதம் இது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மை உறைந்து தார் மாதிரி ஆகிவிடும். கைதானவர் பூண்டுக் காட்டிலோ கேரட் காட்டிலோ வேலை செய்பவராக இருந்தால் விரலில் வரியே இருக்காது. மண்ணும் குளிரும் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருக்கும். தோலின் மேலடுக்குத் தேய்ந்தால் சில வாரங்களில் பழைய வரிகளே திரும்ப வந்துவிடும். ஆனால் நாம் ரேகை எடுக்கும் நாளில் வராதே! பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து நண்பர்கள் தங்கள் அம்மாவின் கையை நினைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

அப்படி எடுத்த சீட்டு உறைக்குள் போய், பஸ்ஸில் இறங்கி, கொடை ரோட்டில் ரயிலேறி, சென்னைக்குப் போக வேண்டும். “இவர் பழைய குற்றவாளியா?” என்ற ஒரு வரிக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் ஆள் ஜாமீனில் போய் அடுத்த சீசனும் வந்துவிடும்.

சென்னையில் அந்தச் சீட்டை லட்சக்கணக்கான சீட்டுகளுக்கு நடுவே எப்படித் தேடினார்கள்? அந்தக் கதை சுவையானது. அதில் நம் நாட்டுக்காரர்கள் இருவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பாட்டிமார் குழந்தையின் விரலைப் பிடித்துச் சங்கு, சக்கரம் எண்ணுவார்கள் அல்லவா? சுழன்று சுழன்று வட்டமாக இருப்பது சக்கரம்; ஒரு பக்கம் நுழைந்து வளைந்து அதே பக்கம் வெளியேறுவது சங்கு. வங்காளத்தில் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றி பெயரால் உலகம் முழுவதும் வழங்கும் வகைப்பாட்டு முறைக்கு அடிப்படையும் இந்தச் சக்கரக் கணக்குதான். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அசிசுல் ஹக் என்ற இளம் அதிகாரி. பத்து விரலையும் இரண்டிரண்டாகப் பிரித்தார்கள். முதல் ஜோடியில் சக்கரம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 16, அடுத்ததில் 8, பிறகு 4, 2, 1. ஒற்றைப்படை விரல்களின் கூட்டல் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம், இரண்டிலும் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். சக்கரமே இல்லாதவர் ஒன்றுக்கு ஒன்று. பத்திலும் சக்கரம் உள்ளவர் 32-க்கு 32. ஆக மொத்தம் 1024 அறைகள். பத்து விரலிலும் சக்கரம் இருந்தால் ராஜயோகம் என்பார் ஜோசியர். எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கடைசி அலமாரியின் கடைசி அறை!

இந்த முறையைக் கொண்டு 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியதுதான் உலகின் முதல் விரல்ரேகை அலுவலகம். லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் வந்தது அதற்குப் பிறகு, 1901-இல். கல்கத்தா அலுவலகம் தொடங்கிய சில மாதங்களிலேயே ஒரு வழக்கு வந்தது. ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். பணப்பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. சமையல்காரர், தோட்டக் கூலிகள் என்று சந்தேகம் ஊரெல்லாம் போயிற்று. பெட்டிக்குள் இருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு ரத்தக் கறை. அதில் ஒரு பெருவிரல். கல்கத்தாவில் தேடினார்கள். மேலாளரிடம் முன்பு வேலை பார்த்து, திருட்டுக்காகத் தண்டனை பெற்ற காங்காலி சரண் என்பவரின் வலது பெருவிரலோடு பொருந்தியது. 1898-இல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. பெட்டியைத் தொட்டது நிரூபணம் ஆனதே தவிர, கத்தியைப் பிடித்தது யார் என்பதற்கு ரேகை சாட்சி சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். பணியில் சேரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் இந்தத் தீர்ப்புதான்.

இரண்டாமவர் ஹேம் சந்திர போஸ். விரல்ரேகையைச் சொற்களாக மாற்றித் தந்தியில் அனுப்ப ஒரு சங்கேத முறையை அவர் வகுத்தார். கணிப்பொறி இல்லை, ஃபேக்ஸ் இல்லை. ஆளையும் அனுப்பாமல், சீட்டையும் அனுப்பாமல், கட்டுக்கடா கட்டுக்கடா என்று தந்தியடித்தே ரேகையைத் தூரத்துக்கு அனுப்ப ஒரு வழி. ‘மின்னணுச் சமர்ப்பிப்பு’ என்று இன்று பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, அந்த எண்ணம் கல்கத்தாவில் பிறந்தது என்று நான் எங்கே போனாலும் தம்பட்டம் அடிப்பேன்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். இப்போது மைக்குப் பதில் ஒரு கண்ணாடிப் பட்டகம். கீழிருந்து ஒளி வந்து கண்ணாடியின் மேல்பரப்பில் பட்டு முழுவதுமாகத் திரும்பும். இயற்பியல் மாணவர்கள் தலையாட்டுகிறார்கள், சரி. விரலை வைத்தால் வரியின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் மட்டும் ஒளி திரும்பாது. பள்ளத்தில் காற்று இருப்பதால் திரும்பும். மேடு கருப்பாக, பள்ளம் வெள்ளையாகப் படம் விழும். அங்குலத்துக்கு 500 புள்ளி என்பது வழக்கமான அளவு. ஒரு ஆளின் பத்து விரல் படம் ஏறத்தாழ பத்து மெகாபைட். இதை அப்படியே அனுப்பினால் கம்பி தாங்காது. நாம் போட்டோவுக்குச் செய்கிற சுருக்கலைச் செய்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, வரிகள் முடியும் இடமும் பிரியும் இடமும் கெட்டுவிடும். அடையாளம் இருப்பதே அந்த இடங்களில்தான். அதனால் 1990-களில் அமெரிக்க எஃப்.பி.ஐ. அலைவடிவக் கணக்கு ஒன்றைக் கொண்டு ஏறத்தாழ 15-இல் ஒரு பங்காகச் சுருக்கும் முறையைக் கொண்டுவந்தது. அவர்களுடைய தேசிய அளவிலான இயந்திரத் தேடல் தொடங்கியது 1999 ஜூலை 28. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் பத்திரத்தின் பின்புறம் கைப்பதிவு வாங்கியது 1858 ஜூலை 28. நூற்று நாற்பத்தோரு வருடம் கழித்து அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

நம் நாட்டிலும் 1990-களிலேயே தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணிப்பொறித் தேடலைத் தொடங்கிவிட்டது. மாநிலங்கள் எல்லாவற்றையும் ஒரே வலையில் இணைத்த ‘நாஃபிஸ்’ என்ற தேசியத் தானியங்கி விரல்ரேகை அமைப்பு 2022 ஆகஸ்டில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. கைதாகும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். ஆள் உள்ளவரை அந்த எண் மாறாது. கொடை ரோட்டு ரயிலுக்குக் காத்திருந்த அந்த ஒரு வரிக் கேள்விக்கு இப்போது டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். இதில் நல்லது நிறைய இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து கயிறு கட்டி மேலே கொண்டுவரும் பெயர் தெரியாத உடலை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆளுக்கு எங்கோ ஒரு வீட்டில் யாரோ காத்திருப்பார்கள். இந்த அமைப்பைக் கொண்டு இறந்தவர் ஒருவரை முதலில் அடையாளம் கண்ட மாநிலம் மத்தியப் பிரதேசம், 2022 ஏப்ரலில்.

இந்த இடத்தில் எல்லா ஊரிலும் ஒருவர் எழுந்து, “ஆதாரில் எல்லார் ரேகையும் இருக்கே சார், அதுல தேடலாமே?” என்று கேட்பார். கூடாது. கோவாவில் ஒரு வழக்கில் ஆதார் ரேகைகளைக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஆதார் ஆணையமே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. 2016-இல் வந்த ஆதார் சட்டமும் விரல்ரேகை, கருவிழிப் பதிவுகளை எக்காரணம் கொண்டும் பகிரக்கூடாது என்கிறது. ரேஷன் கடையில் அரிசிக்கு வைத்த கை வேறு, ஸ்டேஷனில் வைத்த கை வேறு. (‘கைநாட்டு’ என்று படிக்காதவரைக் கேலி செய்தோமே, இன்று எம்.ஏ. படித்தவரும் ரேஷன் கடையில் கைநாட்டுதான்!)

இயந்திரம் எங்கே தவறும்? குளிரில் உலர்ந்த விரலை வைத்தால் வரி புள்ளி புள்ளியாக விழும். நெற்றியில் ஒரு தடவை தேய்க்கச் சொல்வோம், எண்ணெய்ப் பசை வரும். கண்ணாடி ஜில்லென்று இருந்து விரல் சூடாக இருந்தால் சுற்றி ஆவி படியும். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. சம்பவ இடத்தில் கிடைத்த அரைகுறை ரேகையை உள்ளே கொடுத்தால், இயந்திரம் “இவன்தான்” என்று சொல்லவே சொல்லாது. “இவர்களில் யாராவது இருக்கலாம்” என்று ஒரு பட்டியல் தரும், அவ்வளவுதான். மீதி எங்கள் கண்ணிலும் நேர்மையிலும் இருக்கிறது.

2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகர ரயில்களில் குண்டு வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பான்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு விரல்ரேகை. அமெரிக்க இயந்திரத்தில் தேடினார்கள். இருபது பெயர் வந்தது. நாலாவது பெயர் பிராண்டன் மேஃபீல்டு, ஆரிகன் மாநிலத்து வக்கீல். முன்பு ராணுவத்தில் இருந்தவர், இஸ்லாத்தைத் தழுவியவர். எஃப்.பி.ஐ. நிபுணர்கள் மூன்று பேர் “இவரே” என்றார்கள். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் “ஆமாம்” என்றார். ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே “எங்களுக்குப் பொருந்தவில்லை” என்று எழுதிவிட்டது. இருந்தும் மே 6-ஆம் தேதி அவரைப் பிடித்து அடைத்தார்கள். மே 19 அன்று அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் சொன்னது. மறுநாள் மேஃபீல்டை விட்டார்கள். இருபது லட்சம் டாலர் நஷ்ட ஈடும் மன்னிப்பும் 2006-இல் வந்தன. பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்ததுதான் எங்களைப் போன்றவர்கள் தூக்கம் கெட வேண்டிய செய்தி. முதலில் கறையைப் பார்த்துக் குறிகளை எடுத்தவர்கள், மேஃபீல்டின் தெளிவான ரேகையைப் பார்த்த பிறகு திரும்பிப் போய், முன்பு தெரியாத குறிகளையும் கறைக்குள் ‘கண்டுபிடித்திருக்கிறார்கள்’. பெரிய பெட்டிக்குள் தேடினால் உன்னைப் போலவே தோன்றும் ஒருவன் கிடைப்பான். பெட்டி பெரிதாகப் பெரிதாக அந்த ஒருவன் இன்னும் உன்னைப் போலவே இருப்பான். நாலு பேர் அடுத்தடுத்து கையெழுத்துப் போட்டது நாலு சாட்சி ஆகாது. முதல் ஆளின் முடிவு தெரியாமல் பார்த்தவன்தான் இரண்டாம் சாட்சி.

சரி, பெட்டிக்குள் யார் ரேகை போகிறது? இந்தக் கேள்விக்காகத்தான் நான் இன்று இங்கே வந்தேன்.

கோக்கர்ஸ் வாக்கில் மேகம் விலகினால் கீழே பெரியகுளம், தள்ளி வைகை அணை தெரியும். அதற்கும் அப்பால் ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து வந்து என்னோடு விடுதியில் தங்கிப் படித்தவன்தான் காலையில் டீக்கடையில் என்னை மடக்கியவன். ஒரு லீவில் அவன் ஊருக்குப் போயிருந்தேன். அவன் தாத்தாவுக்கு ஏதோ ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டும். கண் சரியாகத் தெரியாது, கை நடுங்கும். “பெருவிரலை வெச்சிடுங்க ஐயா” என்று மைப்பெட்டியை நீட்டினேன். கிழவர் பெட்டியைத் தட்டிவிட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரவு திண்ணையில் தோழன் சொன்னான்: “அவரு ரேகைச் சட்டத்துல இருந்தவருடா.”

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. அரசாங்கப் புத்தகத்தில் பெயர் அது. மதுரைச் சீமை மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்த குற்றத்துக்காக ஆண்கள் பத்து விரலையும் பதிய வேண்டும். இரவில் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று மக்கள் திரண்டு நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். அந்த மக்களுக்காக வழக்காடிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றும் நினைக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-இல்.

நான் விரல்ரேகை வேலைக்குத் தேர்வானதும் அந்தத் தோழன் எழுதிய கடிதத்தில் வாழ்த்து இருந்தது. கீழே ஒரு வரியும் இருந்தது: “தாத்தாகிட்ட சொல்லலை.”

அதே 1920 செப்டம்பரில் கைதிகள் அடையாளச் சட்டம் என்று இன்னொன்று வந்தது. எங்கள் துறை நூறு வருடம் அதில்தான் ஓடியது. ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்தில் கைதானவரிடம் ரேகை எடுக்கலாம். விடுதலையானால் அழிக்க வேண்டும். 2022-இல் அதன் இடத்தில் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. இப்போது அந்த ஓராண்டு வரம்பு இல்லை. எந்தக் குற்றத்துக்காகக் கைதானாலும் ரேகை கேட்கலாம், கருவிழிப் பதிவும் கேட்கலாம். மறுத்தால் அதுவே குற்றம். தேசியக் காப்பகம் அதை 75 ஆண்டு வைத்திருக்கும். இருபது வயதில் கொடுத்தால் தொண்ணூற்றைந்து வயது வரை.

விடுதலையானவர் கதி? முன் தண்டனை இல்லாதவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடு எல்லாம் முடிந்து குற்றமற்றவர் என்று ஆனாலோ, நீதிமன்றம் காரணம் எழுதி வேறு விதமாகச் சொன்னாலொழிய, பதிவை அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விதிகளின்படி அதற்கு மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரியிடம் கோரிக்கை போக வேண்டும். அவர் வேறு வழக்கில் தொடர்பு இல்லை என்று பார்த்துக் காப்பகத்துக்கு எழுதுவார். பழைய சீட்டாக இருந்தால் செல்லரித்தாவது போயிருக்கும்! இயந்திரத்துக்குச் செல்லும் தெரியாது, மறதியும் தெரியாது. வழக்கு ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கோரிக்கை உண்டு என்று தெரியும்? வக்கீல்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது என்பது என் அனுபவம். இங்கே இருக்கும் சட்டம் படித்த நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தீர்ப்பின் நகல் வாங்கும் அதே வாரத்தில் அந்த மனுவையும் எழுதிக் கொடுங்கள். நாலு வரிதான்.

ரேகை கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகள் அமர்வு காத்தி காலு ஓகத் வழக்கில் சொல்லிவிட்டது. சட்டமாக அது சரி. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாதே என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதுவும் சரி.

தோழன் கடிகாரத்தைக் காட்டுகிறான். வெளியே தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு, என் பழைய கண்ணாடிப் பலகையில் மை உருட்டி வைத்திருக்கிறேன். வெளியே குளிர், மை கொஞ்சம் கெட்டிதான். விருப்பம் உள்ளவர்கள் வரலாம். எத்தனை சங்கு, எத்தனை சக்கரம், உங்களுக்கு எந்த அலமாரி என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். தாளை நீங்களே கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். துடைக்க மண்ணெண்ணெயும் துணியும் இருக்கிறது.